வகுப்பறைச் செயற்றிட்டங்களில் மின்சாரம்: மாணவரைப் பாதுகாப்பாகப் பழக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

தரம் 6 முதல் 11 வரையான மாணவரைக் கொண்டு மின்சுற்றுச் செயற்றிட்டங்களைச் செய்விக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இப்பணிக்கு வருபவர்கள் இடறுகின்ற இடம் பெரும்பாலும் ஒன்றேதான். ‘வெறும் பற்றரிதானே’ என்று எண்ணி வேலையின் ஒழுங்கைத் தளர்த்திவிடுகிறார்கள். மூன்று உலர் மின்கலங்களை வைத்து வேலை செய்யும் பிள்ளைக்கு அந்த மேசையில் ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதே பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போய், ஈரக் காலோடு கிணற்றடியில் நின்று தண்ணீர் மோட்டரின் சுவிச்சைப் போடுகிறது. வகுப்பில் பழகிய கைதான் அங்கேயும் நீளும். ஆகவே 4.5 வோல்ற்றில் நாம் பழக்குகின்ற ஒழுங்கு 230 வோல்ற்றுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை மனத்திற்கொண்டே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1. முதலில் எல்லையை வகுத்துச் சொல்லுங்கள்

மாணவரின் கை படும் எந்தச் சுற்றும் 9 வோல்ற்றைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான செயற்றிட்டங்களுக்கு 1.5 வோல்ற் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்துப் பெறும் 4.5 வோல்ற்றே போதும்.

இந்த எல்லைக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத விதியைப் பிள்ளைகள் நாம் திரும்பி நிற்கும்போது மீறுவார்கள். உடலினூடாக ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் பாய்ந்தால் கூச்சம் தெரியும். 10 மில்லி அம்பியரளவில் கைத்தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். 30 மில்லி அம்பியருக்கு மேற்பட்டது சில கணங்கள் நீடித்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் கேடு. நனைந்த உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டு மாணவரையே கணக்கிடச் செய்யுங்கள். 4.5 வோல்ற்றில் 4.5 மில்லி அம்பியர். 230 வோல்ற்றில் 230 மில்லி அம்பியர். ஓமின் விதியை நான் எத்தனையோ விதமாகப் படிப்பித்திருக்கிறேன். இந்தக் கணக்கைச் செய்யும்போது வகுப்பில் விழுகின்ற அமைதி வேறெந்தக் கணக்குக்கும் வருவதில்லை.

2. அறையை ஆயத்தம் செய்தல்

மாணவர் உள்ளே வருவதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. அறைக்கான பிரதான சுவிச் எங்கே இருக்கிறது? அது பூட்டிய அலுவலக அறைக்குள் இருக்கிறதானால் திறப்பு யாரிடம்? ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா?

ட்ரிப் சுவிச்சில் சோதனைக்கென ஒரு சிறிய பொத்தான் உண்டு. ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் பிரதான மின்சாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். வழமையாகப் பொருத்தப்படும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், மின்னோட்டம் உடலினூடாகப் புவிக்குக் கசியும்போது அதை உணர்ந்து துண்டிக்கும். ஒரு கை உயிர்க்கம்பியிலும் (லைவ்) மறு கை நொதுமல் கம்பியிலும் (நியூற்றல்) பட்டால் அதற்கு அது தெரியாது. உருகியோ அதைவிடத் தாமதம்: 5 அம்பியர் உருகி கம்பியைக் காக்க வைத்தது, ஆளைக் காக்க அல்ல. இதைத் தெரியாத ஆசிரியர்கள் ‘எங்களிடம் ட்ரிப் சுவிச் இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் மற்றவற்றை விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. நிலம் ஈரலித்து, பிள்ளைகளின் சப்பாத்துகளும் நனைந்திருக்கும். அந்த மாதங்களில் சோல்டரிங் அயன் போன்ற, பிளக்கில் செருகும் கருவிகள் தேவைப்படும் வேலையைத் தவிர்த்து, மின்கலத்தில் முடியும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். கரையோரப் பாடசாலைகளில் உப்புக்காற்றினால் மின்கலப் பெட்டியின் வில்லுகள் துருப்பிடித்து, சுற்று விட்டுவிட்டு வேலை செய்யும். பிள்ளைகள் அதைச் சரிசெய்வதாகக் கம்பியை அங்குமிங்கும் தொட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். முன்கூட்டியே மணற்கடதாசியால் உரசி வைத்தால் அந்தத் தொல்லை இராது.

3. பொருள்களைத் தெரிவு செய்தல்

ஒரு குழுவுக்கு வேண்டியவை: மூடியுள்ள மின்கலப் பெட்டி, ஆளி (சுவிச்) ஒன்று, 4.5 வோல்ற்றுக்கு ஏற்ற மின்குமிழும் அதன் ஹோல்டரும், முனைகளில் முதலைக்கவ்வி பூட்டிய வயர்கள் ஆறு, தடையிகள், ஒளிகாலும் இருவாயிகள் (எல்.ஈ.டி). குழுவில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். நாலாவது பிள்ளைக்கு வேலை இராது, வேலையில்லாத கைதான் தொடக் கூடாததைத் தொடும்.

மின்கலத்தைத் தெரிவதில் கூடிய கவனம் வேண்டும். சாதாரண நாக-காபன் உலர் மின்கலமே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அதன் அகத்தடை கூடியதனால் தவறுதலாக இரு முனைகளும் நேரே இணைந்து குறுஞ்சுற்று ஏற்பட்டாலும் பாயும் மின்னோட்டம் ஓரளவுக்குள் நிற்கும். அல்கலைன் மின்கலம் அதைவிடக் கூடிய மின்னோட்டத்தைக் கொடுத்து வயரைக் கை சுடும் அளவுக்குச் சூடாக்கும்.

லிதியம் மின்கலங்களை, அதாவது கைத்தொலைபேசியிலிருந்தும் பவர் பாங்கிலிருந்தும் கழற்றியவற்றை, எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். வோல்ற்றளவு 3.7 என்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ‘இது 4.5 வோல்ற்றிலும் குறைவுதானே, சேர்’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதிலை விளக்கமாகக் கொடுங்கள். வோல்ற்றளவு குறைவென்றாலும், குறுஞ்சுற்றில் அது பல பத்து அம்பியர் மின்னோட்டத்தைக் கொடுக்க வல்லது. துளைத்தாலோ மடித்தாலோ உள்ளே தானாகச் சூடேறித் தீப்பற்றும். உடலுக்கு அதிர்ச்சி தருவது ஒன்று, தீயை மூட்டுவது இன்னொன்று என்பதை இந்த இடத்திலேயே பிரித்துக் காட்டிவிடலாம்.

பொத்தான் வடிவ லிதியம் மின்கலங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தம்பி, தங்கை உள்ள வீட்டுக்கு அது போகக் கூடாது. விழுங்கிய பொத்தான் மின்கலம் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

4. மின்கலம் இல்லாத முதற் பாடம்

முதல் நாள் மின்கலத்தைக் கொடுக்காதீர்கள். மற்றப் பொருள்களை மட்டும் கொடுத்து, சுற்றைக் கடதாசியில் வரையச் சொல்லி, வரைந்த ஒழுங்கிலே மேசையில் அடுக்கச் சொல்லி, பிறகு இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் குழு வந்து விரலை வயர் வழியே ஓடவிட்டு, மின்கலத்தின் நேர்முனையில் தொடங்கி மறைமுனைக்குத் திரும்பும் பாதையில் மின்குமிழோ தடையியோ ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து ஒப்பமிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது சலிப்பைத் தரும், ‘எப்போது எரியும்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். என் முதல் ஆண்டில் இந்தப் பாடத்தைத் தவிர்த்து நேரே மின்கலத்தைக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் இரண்டு மின்கலப் பெட்டிகளின் பிளாஸ்ரிக் உருகிவிட்டது, ஒரு பிள்ளையின் பெருவிரல் கொப்பளித்தது. குற்றம் பிள்ளையினுடையது அல்ல.

5. இணைக்கும் ஒழுங்கும் கழற்றும் ஒழுங்கும்

வழிகாட்டி முழுவதிலும் ஒரு பகுதியை மட்டுமே வகுப்பில் ஒட்டிவைக்க முடியுமென்றால் இதை ஒட்டிவையுங்கள்.

இணைக்கும்போது: ஆளியைத் திறந்த (மின் பாயாத) நிலையில் வை. எல்லா இணைப்புகளையும் முடி. பக்கத்துக் குழுவிடம் காட்டு. ஆசிரியரிடம் காட்டு. கடைசியாக மின்கலத்தைப் போடு. அதன் பிறகே ஆளியை மூடு.

கழற்றும்போது: ஆளியைத் திற. முதலில் மின்கலத்தை எடு. அதன் பிறகே வேறெதையும் தொடு.

மின்மூலம் கடைசியாக வருகிறது, முதலாவதாகப் போகிறது. கை சுற்றுக்குள் இருக்கும் வேளையில் சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் காரணம். வீட்டில் மின்குமிழை மாற்றும் ஒருவர் பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டு ஏறுவதும் இதே ஒழுங்குதான்.

மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை, சுற்று வேலை செய்யாதபோது வருவது. மின்குமிழ் எரியாவிட்டால் மின்கலத்தை எடுக்காமலே ஒவ்வொரு கவ்வியாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்கள். அந்த அவசரத்தில் இரண்டு கவ்விகள் ஒன்றோடொன்று முட்டிக் குறுஞ்சுற்றாகிவிடும். ‘எரியவில்லையா? மின்கலத்தை எடு, பிறகு யோசி’ என்று சொல்லிப் பழக்குங்கள். எரியாத சுற்றிலும் மின்சாரம் இருக்கலாம் என்று நம்பக் கற்றவர்கள்தான், ஓடாத மோட்டரைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுவார்கள்.

6. குறுஞ்சுற்றை ஒருமுறை காட்டுங்கள்

இதை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும். மாபிள் ஓடு ஒன்றின் மேல், உருக்குக் கம்பளியிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இழையை வைத்து, கவ்விகளால் அதன் இரு முனைகளையும் பிடித்து, இரண்டு மின்கலங்களோடு இணைத்தால் இழை சிவந்து எரிந்து அறும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பிள்ளைகள் ஒரு மீற்றருக்கு அப்பால் நிற்கட்டும். கடதாசியும் மிகுதிக் கம்பளியும் மேசையில் இருக்கவே கூடாது.

இவ்வளவு சிறிய மின்கலம் நெருப்பை உண்டாக்குமா என்ற வியப்பு அவர்கள் முகத்தில் தெரியும்போதே உருகியின் தொழிற்பாட்டைச் சொல்லிவிடுங்கள். வேறாக ஒரு பாடம் தேவைப்படாது. சட்டைப்பையில் திறப்புக்கோர்வையையும் 9 வோல்ற் பற்றரியையும் ஒன்றாகப் போடக் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

7. ஒளிகாலும் இருவாயியும் தடையியும்

கடையில் எல்.ஈ.டி என்று கேட்டு வாங்குகின்ற ஒளிகாலும் இருவாயியை மின்கலத்தோடு நேரே இணைப்பது பிள்ளைகளிடம் மிகப் பரவலான பழக்கம். தை மாதத்தில் பட்டத்துக்கு விளக்குப் பூட்டி இரவில் ஏற்றும் பையன்களிடமிருந்து அது வகுப்புக்கும் வந்துவிடுகிறது. அவர்கள் செய்வது சில வேளை எரியும். சில வேளை ஒரு கணம் மின்னிக் கருகும். தடையி ஏன் வேண்டும் என்பதைக் கணக்காகவே காட்டுங்கள். சிவப்பு இருவாயியில் ஏறத்தாழ 2 வோல்ற் விழும். 4.5 வோல்ற் மூலத்தில் மிகுதி 2.5 வோல்ற்; 20 மில்லி அம்பியருக்குள் நிறுத்த 125 ஓம் வேண்டும்; கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 150 ஓம். 9 வோல்ற் பற்றரியானால் 390 அல்லது 470 ஓம்.

நீண்ட கால் நேர்முனைக்கு. மாறிப் பூட்டினால் எரியாது. உடனே தடையியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார். அவரை முன்கூட்டியே கண்டுபிடித்து அருகில் நில்லுங்கள்.

பட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதனால் இதையும் அந்தப் பாடத்திலேயே சொல்லுங்கள்: மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கத் தடியோ நூலோ கொண்டு முயலக் கூடாது. ஈரம் பட்ட நூல் மின்சாரத்தைக் கடத்தும். பட்டம் போனால் போகட்டும்.

8. பல்மானியை (மல்ரிமீற்றரை) கையிற் கொடுக்கும் முன்

வோல்ற்றளவைச் சமாந்தரமாக இணைத்தும் மின்னோட்டத்தைத் தொடராக இணைத்தும் அளக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பாடம். கையில் அது மாறிப்போவது வேறோர் இடத்தில். மின்னோட்டத்தை அளந்து முடித்த மாணவர், சிவப்பு வயரை 10 அம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, மின்கலத்தின் வோல்ற்றளவைப் பார்க்க இரு முனைகளிலும் வைப்பார். அந்த நிலையில் பல்மானிக்குத் தடை இல்லை என்றே சொல்லலாம். அது வெறும் கம்பிபோல் நடந்து குறுஞ்சுற்றை உண்டாக்கும். ஆகவே ஒவ்வோர் அளவீட்டின் பின்னும் வயரை வோல்ற் துளைக்கு மாற்றித் தெரிசுவிச்சை அணைத்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கருவியை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

பல்மானியைச் சுவரிலுள்ள பிளக் பொயின்றில் நுழைத்துப் பார்க்க எந்த மாணவரையும் விடாதீர்கள். இந்த விதிக்கு விலக்கு வேண்டாம்.

9. பற்றாசு பிடித்தல்

தரம் 9க்குக் கீழே இது தேவையில்லை. மேல் வகுப்புகளில் ஒரு நேரத்தில் இருவர் மட்டும் செய்யட்டும். சோல்டரிங் அயனின் முனை ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வரை சூடேறும். தாங்கி இல்லாமல் அயனை எடுக்கவே வேண்டாம். விழும் அயனைப் பிடிக்கக் கூடாது என்பதை வேலைக்கு முன் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள், ஏனெனில் கை தானாகவே அதை எட்டிப் பிடிக்கும். அயனின் வயர் அதன் முனையில் படாதபடி மேசையின் பின்புறமாகப் போகட்டும். யன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதவாறு இருக்க வேண்டும். சாதாரண பற்றாசில் ஈயம் உண்டு. ஆகவே முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் தொடக் கூடாது. மின்கலத்தின் மேல் நேரடியாகப் பற்றாசு பிடிக்க விடாதீர்கள். சூட்டில் அது வெடிக்கலாம்.

10. வீட்டிலிருந்து வரும் பழைய பொருள்கள்

செயற்றிட்டம் என்றவுடன் பிள்ளைகள் பழைய வானொலி, சார்ஜர், எரியாத சி.எஃப்.எல் மின்குமிழ், தொலைக்காட்சிப் பெட்டி என்று கொண்டுவருவார்கள். ஆர்வத்தை மெச்சுங்கள், பொருளை வாங்கிப் பூட்டிவையுங்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் இவற்றினுள்ளே உள்ள கொள்ளளவிகளில் (கப்பாசிற்றர்) மின்னேற்றம் தங்கியிருக்கும். கமராவின் பிளாஷ் சுற்றில் அது 300 வோல்ற்றையொட்டி இருக்கும். நுண்ணலை அடுப்பில் ஆயிரக்கணக்கான வோல்ற். பின்னையதை அணைத்து வைத்த நிலையிலும் வகுப்பில் திறக்கவே கூடாது.

மின்கலத்தில் ஓடும் விளையாட்டுக் காரும் சுவர்க் கடிகாரமும் பிரித்துப் பார்ப்பதற்கு நல்லவை. மோட்டர், பற்சில்லு, ஆளி எல்லாம் அவற்றிலேயே உண்டு.

11. 230 வோல்ற்: கண்ணால் மட்டும்

பிரதான மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது சரியல்ல. மாணவர் அதோடுதான் வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் கையால் செய்வது ஒன்றும் இருக்கக் கூடாது. எதனோடும் இணைக்காத பிளக்கையும் சோக்கட்டையும் திறந்து, உள்ளே மூன்று கம்பிகளும் எங்கே போகின்றன என்று காட்டுங்கள். உயிர்க்கம்பி பழைய வீடுகளில் சிவப்பு, புதியவற்றில் கபிலம். நொதுமல் கறுப்பு அல்லது நீலம். புவிக்கம்பி பச்சை அல்லது பச்சை-மஞ்சள்.

நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட இரண்டு பழக்கங்களைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். ஒன்று, 13 அம்பியர் சோக்கட்டின் புவித்துளையில் பேனையையோ தீக்குச்சியையோ நுழைத்து மூடியைத் திறந்து, இருமுள் சார்ஜரைச் செருகுவது. உயிர்த்துளையை மூடிவைத்திருப்பதே அந்தத் தடுப்புத்தான். பேனைக்குப் பதிலாக ஒரு நாள் ஆணி போகும். மற்றது, பிளக் இல்லாத வயரின் முனைகளைச் சீவி நேரே துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது. இரண்டையும் வீட்டில் பெரியவர்களே செய்வதனால் பிள்ளை நம்மைவிட அவர்களை நம்பும். ஆகவே பொருத்தமான அடப்ரர் என்ன விலை, எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

கிணற்றடி மோட்டரைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேளுங்கள். சுவிச் எங்கே இருக்கிறது, அதற்கு மேலே கூரை உண்டா, வயரில் ரேப் சுற்றிய இடம் உண்டா, மோட்டரின் உடலிலிருந்து புவிக்கம்பி போகிறதா என்று பார்த்து, தொடாமல், படம் வரைந்து வரச் சொல்லலாம். உலர்ந்த செருப்போடு, உலர்ந்த கையோடு மட்டுமே சுவிச்சைத் தொட வேண்டும் என்ற விதியைத் தாய் தகப்பனிடமும் கையொப்பம் வாங்கி வரச் செய்தால் வீட்டில் ஒரு பேச்சுத் தொடங்கும்.

12. விபத்து நேர்ந்தால்

வகுப்பில் ஒருமுறை நடித்துப் பார்க்க வேண்டிய பகுதி இது. ஒருவருக்குக் கரண்ட் அடித்து அவர் இன்னும் கம்பியோடு ஒட்டியிருந்தால், தொடாதே. முதலில் சுவிச்சை நிறுத்து. நிறுத்த முடியாவிட்டால் உலர்ந்த பலகையிலோ பிளாஸ்ரிக் கதிரையிலோ நின்று, உலர்ந்த தும்புத்தடியால் கம்பியைத் தள்ளு. இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். வீதியில் அறுந்து விழுந்த கம்பியானால் கிட்டப் போகவே கூடாது. மற்றவரையும் விலக்கிவைத்து, மின்சார சபைக்கு 1987 இல் அறிவிக்க வேண்டும்.

அம்புலன்சுக்கு 1990. மூச்சில்லாவிட்டால் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து நடக்கிறார், ‘ஒன்றுமில்லை’ என்கிறார் என்றாலும், 230 வோல்ற் தாக்கியவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி போன்ற அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ அனுப்பி இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பின் ஒழுங்கு குலைந்திருப்பது வெளியே தெரியாது.

அயன் சுட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, நெய் எதுவும் வேண்டாம்.

13. கண்காட்சி நாளும் அதற்குப் பின்னும்

பழகிய ஒழுங்கெல்லாம் குலைவது விஞ்ஞானக் கண்காட்சி நாளில். ஒரு நீட்டு வயரில் இன்னொரு நீட்டு வயரைச் செருகி, அதில் மின்விசிறி, மேசைவிளக்கு, ஒலிபெருக்கி என்று பூட்டி, வயரைப் பாயின் கீழே மறைத்துவிடுவார்கள். அங்கே அது சூடாவது ஒருவருக்கும் தெரியாது. மண்டபத்தின் பிளக்குகளை முந்திய நாளே எண்ணி, பிரதான மின்சாரம் தேவைப்படும் காட்சிகளைச் சுவரோரமாக வைத்து, மற்றவற்றை மின்கலத்திலேயே இயக்குங்கள். பார்வையாளர் நடக்கும் பாதையில் வயர் குறுக்கே போக வேண்டாம்.

முடிந்ததும் மின்கலங்களை எடுத்து, 9 வோல்ற் பற்றரிகளின் முனைகளுக்கும் பொத்தான் மின்கலங்களின் இரு பக்கங்களுக்கும் இன்சுலேசன் ரேப் ஒட்டி, பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.